முதலில் காது, பிறகுதான் கண்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். எனக்கு முன் பேசியவர்கள் அதை நன்றாகவே பேசிவிட்டார்கள். என்னை அழைத்தது வேறு காரியத்துக்கு. ஆறாம் ஆண்டு மாணவர்கள் பத்து நிமிட மர்மப் படம் ஒன்று எடுக்கப் போகிறார்கள். கைப்பேசிதான் கேமரா. கையில் காசு கிடையாது. நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். அதனால், "படம் எப்படி ஆரம்பிக்கணும், சத்தம் எப்படி வைக்கணும், நீங்க வந்து சொல்லித் தாங்க சார்" என்று கேட்டார்கள்.

"மர்மப் படமா? பிள்ளைகளுக்கு எதுக்குங்க கத்தி, கொலையெல்லாம்?" என்று சில பெற்றோர்கள் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆகவே இந்தப் பேச்சு பிள்ளைகளுக்கு எவ்வளவோ அவ்வளவு உங்களுக்கும்.

மாணவர்கள் எழுதி வைத்திருக்கும் தொடக்கத்தைப் படித்துக் காட்டினார்கள். முகமூடி போட்ட ஒருவன் பாராங்கோடு ஓடி வருகிறான். பின்னால் கார் விரட்டுகிறது. இசை காதைக் கிழிக்கிறது. ரத்தம். அப்புறம் படத்தின் பெயர். தம்பிகளா, தங்கச்சிகளா, கார் யார் தருவது என்பது இருக்கட்டும். முதல் நிமிடத்திலேயே எல்லாவற்றையும் காட்டிவிட்டால், பார்க்கிறவன் மீதி ஒன்பது நிமிடத்துக்கு எதற்காகக் காத்திருப்பான்? மர்மப் படத்தின் தொடக்கத்துக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. பார்ப்பவர் மனத்தில் ஒரு கேள்வியைப் போடவேண்டும். அந்தக் கேள்வியைக் கண் வழியாகப் போடப் பணம் வேண்டும். காது வழியாகப் போடக் கொஞ்சம் பொறுமை போதும்.

நம் தமிழிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1954ல் ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்'. பாட்டு இல்லாமல் தமிழ்ப் படம் ஓடுமா என்று கேட்ட காலம் அது. அந்தப் படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. இயக்கியவரோ வீணை வித்துவான் எஸ். பாலசந்தர்! படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது, ரேடியோ இன்ஜினியர் ராஜன் செத்து விழுகிறான். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். கதாநாயகனே முதலில் செத்துப்போனால் அப்புறம் என்ன கதை? யார் சுட்டது என்பதுதான் கதை. ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்ல, கடைசி வரை அந்த ஒரு வெடிச் சத்தம்தான் நம்மை உட்கார வைக்கிறது.

அதற்கும் முன்னால், 1931ல், ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த படம் 'எம்'. ஒரே எழுத்துதான் பெயர். அவருக்கு அதுதான் முதல் பேசும்படம். பிள்ளைகளைக் கடத்திக் கொல்லும் ஒருவனைப் பற்றிய கதை. அப்படியானால் எவ்வளவு கோரமாகத் தொடங்கியிருப்பார் என்று நினைப்பீர்கள். ஒரு முற்றத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்று பாட்டுப் பாடி விளையாடுகிறார்கள், அவ்வளவுதான். நாம் 'சாட் பூட் திரி' போட்டு ஆளைக் கழிப்பதுபோல, பாட்டுக்குத் தக்கபடி ஒவ்வொருவராக வட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். பாட்டு அந்தக் கொலைகாரனைப் பற்றியது. மாடியில் ஒருத்தி, "அந்தப் பாட்டைப் பாடாதீங்கன்னு சொன்னேன்ல?" என்று அதட்டுகிறாள். கொஞ்ச நேரம் அடங்கிப் பிறகு மறுபடியும் பாடுகிறார்கள். பிள்ளைகள் எந்த ஊரிலும் பிள்ளைகள்தானே.

வீட்டில் ஒரு தாய் துணி துவைத்துக்கொண்டே மகள் எல்சியை எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள். கடிகாரம் அடிக்கிறது. மேசையில் தட்டு வைக்கிறாள். வெளியே எல்சி பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறாள். ஒரு மனிதனின் நிழல் விழுகிறது. அவன் அவளுக்கு பலூன் வாங்கித் தருகிறான், ஒரு மெட்டை விசிலடிக்கிறான். நேரம் போகிறது. தாய் ஜன்னலில் நின்று "எல்சி!" என்று கூப்பிடுகிறாள். ஆளில்லாத மாடிப்படி தெரிகிறது. மறுபடி "எல்சி!" துணி காயும் பரண். "எல்சி!" சோறு போடாத தட்டு. பிறகு ஒரு பந்து புதரிலிருந்து தானாக உருண்டு வந்து நிற்கிறது. ஒரு பலூன் கம்பியில் மாட்டித் துடிக்கிறது. தீர்ந்தது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு தாயின் குரலும் அதற்குப் பதில் வராததும்தான் அங்கே இருக்கின்றன.

இதைச் சொல்லும்போது தாய்மார்கள் முகத்தைப் பார்க்கிறேன். விளக்கு வைக்கும் நேரத்தில் லயத்து வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிட்டு, பதில் வராமல் ஒரு நிமிடம் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த விசிலைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். கொலைகாரனாக நடித்த பீட்டர் லோருக்கு விசிலடிக்க வராதாம். இயக்குநர் லாங்கே அடித்தார். கடைசியில் கொலைகாரனைக் காட்டிக்கொடுப்பதும் அந்த விசில்தான். பலூன் விற்கும் கண் தெரியாத கிழவர் ஒருவர் அதைக் கேட்டு, இவன்தான் என்று கண்டுபிடிக்கிறார். ஊரே கண்ணால் தேடியும் கிடைக்காதவன் ஒருவர் காதில் அகப்படுகிறான்.

1975ல் வந்த 'ஜாஸ்' படத்தில் இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்தது. தொடக்கக் காட்சியில் சுறா கண்ணில் படவே இல்லை. ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரம் வருகிறது, நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்கிறோம். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தில் கத்தி குத்தும் சத்தம் எதனுடையது தெரியுமா? முலாம்பழம்! பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மர்மப் படத்துக்கு என்று கடவுளே அமைத்துக் கொடுத்த இடம் பால்மரக்காடு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியுமுன்னே வெட்டப் போகவேண்டும். தலைவிளக்கு வெளிச்சம் ஒரு மரத்துக்குத்தான் காணும். மற்றதெல்லாம் காதுதான். பட்டையில் உளி இழுக்கும் சத்தம், வாளிக் கைப்பிடியின் கிறீச், காய்ந்த இலையில் செருப்பு. காய் முற்றும் காலத்தில் ரப்பர் காய் 'பட்'டென்று வெடித்து, கொட்டை பல அடி தள்ளி இலைமேல் விழும். புது ஆளாக இருந்தால் யாரோ கல்லெறிந்தார்கள் என்றுதான் நினைப்பான். பிறகு 'தொக்... தொக்... தொக்...' என்று தட்டும் ஒரு பறவை. மலாய்க்காரர்கள் அதை 'புருங் துக்காங்' என்பார்கள், தச்சன் பறவை. அடுத்து எத்தனை தடவை தட்டும் என்று பந்தயம் கட்டியவர்களும் உண்டு.

இவ்வளவும் இருக்க, காரும் முகமூடியும் எதற்கு? மாணவர்களோடு உட்கார்ந்து இப்படி ஒரு தொடக்கம் போட்டுப் பார்த்தோம்.

திரை கறுப்பு. பத்து விநாடிக்குப் படமே இல்லை. பூச்சிச் சத்தம் மட்டும். அதில் ஓர் உளிச் சத்தம் சேர்கிறது. சர்... ஓய்வு. நாலு காலடி. சர்... ஓய்வு. நாலு காலடி. பிறகு ஒரு சின்ன வெளிச்சம் மரத்துக்கு மரம் நகர்வது தெரிகிறது. பால் வெட்டுவது ஒரு பெண். முகம் தெரியவேண்டாம், கை போதும். இந்தத் தாளம் பார்க்கிறவர் காதில் நன்றாகப் பதியட்டும், அவசரப்படாதீர்கள். பதிந்த பிறகு அவள் ஒரு மரத்தில் உளியை வைக்கிறாள், இன்னும் இழுக்கவில்லை. ஆனால் 'சர்' என்று சத்தம் கேட்கிறது. பக்கத்து நிரையிலிருந்து. அந்த நிரையில் இன்று ஆள் கிடையாது. அவள் அசையாமல் நிற்கிறாள். பூச்சிச் சத்தம் நின்றுபோகிறது. நாலு காலடி. அவளுடையதல்ல. எங்கோ ஒரு காய் 'பட்'டென்று வெடிக்க, விளக்கு சட்டென்று திரும்புகிறது. அங்கேதான் படத்தின் பெயர்.

ஒன்றரை நிமிடம்கூட வராது. செலவு ஒரு தலைவிளக்கு.

சத்தம் பிடிக்கும் முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். நோட்டில் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் 'காண்பது', வலப்பக்கம் 'கேட்பது' என்று எழுதுங்கள். வலப்பக்கத்தை முதலில் நிரப்புங்கள். படத்தையும் சத்தத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கவேண்டும் என்று சட்டமில்லை. உளிச் சத்தத்தைப் பகலிலேயே, வெட்டுகிற அம்மா பக்கத்தில் நின்று, கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதியலாம். தூரத்தில் வைத்தால் கைப்பேசி தானாகவே ஒலியைக் கூட்டிக்கொள்ளும், 'உஸ்' என்ற இரைச்சல்தான் மிஞ்சும். காற்றடித்தால் பழைய காலுறையை மாட்டிவிடுங்கள். எந்த இடத்தில் பதிந்தாலும், யாரும் பேசாமல் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியே எடுத்து வையுங்கள். வெட்டி ஒட்டும்போது இடையில் விழும் ஓட்டையை அடைக்க அதுதான் பஞ்சு. இரண்டு கைப்பேசியில் படம் வேறு, பேச்சு வேறாகப் பிடித்தால், தொடங்குமுன் கேமராவுக்கு நேரே ஒரு கைதட்டல். கை சேரும் படமும் தட்டும் சத்தமும் ஒன்றாக வருமாறு பொருத்தினால் மற்றதெல்லாம் தானே பொருந்தும். காலடி சரியாக வரவில்லையா, சருகைச் சாக்கில் கொட்டி வீட்டிலேயே மிதியுங்கள்.

இசைக்கு சினிமாப் பாட்டை எடுத்து ஒட்டவேண்டாம். அது இன்னொருவர் சொத்து. அதோடு, கேட்டவுடன் சனங்கள் அந்தப் படத்தை நினைத்துக்கொள்வார்கள், உங்கள் படத்தை மறந்துவிடுவார்கள். நம்மிடம் உறுமி இருக்கிறதே! கோயிலில் அடிப்பதுபோல அடிக்கவேண்டாம். குச்சியால் மெதுவாக ஒரே ஒரு தேய்ப்பு, விளக்கு திரும்பும் இடத்தில். அந்த ஆழமான ஒலி கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் வராது. பள்ளி மண்டபத்து ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகள் விடியுமுன் காட்டுக்குப் போகவேண்டியதில்லை, நான் அனுப்பவும் சொல்லமாட்டேன். பாம்பு இருக்கும். பொழுது சாய்ந்து கால் மணி நேரத்துக்குள், பெரியவர் இருவர் துணையோடு எடுத்தாலே திரையில் இருட்டாகத் தெரியும். கேமராவில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். பாராங் வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் காரணம் உண்டு. நம் பையன் திரையில் வந்தாலே கையில் பாராங் என்பது பழகிப்போன காட்சியாகிவிட்டது. சஞ்சை குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) ஒரு சிறுவன் குண்டர் கும்பலின் பக்கம் எப்படி இழுக்கப்படுகிறான் என்று காட்டியது. சிறந்த மலேசியப் படம் என்று 2016ல் பரிசும் வாங்கியது. அந்தக் கதைக்கு அது தேவைப்பட்டது. உங்கள் கதைக்குத் தேவையா என்று பிள்ளைகளே, நீங்கள்தான் யோசிக்கவேண்டும்.

இன்னொன்று. பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பெரட்டுக்குக் கூப்பிடும் மணியை உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா, பின்வரிசையில் பாட்டிமார்கள் கைதான் உயர்கிறது! அவர்கள்தான் உங்கள் ஒலிப்பதிவு ஆலோசகர்கள். அவசரகாலத்தில், 1948க்கும் 1960க்கும் இடையில், சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இரவில் எந்தச் சத்தம் கேட்டால் வீட்டில் விளக்கை அணைப்பார்கள் என்று போய்க் கேளுங்கள். எந்தக் கருவியிலும் கிடைக்காத சங்கதி அவர்களிடம் கிடைக்கும். அவர்கள் பேசுவதையும் பதிந்து வையுங்கள்.

தொடக்கத்தை வெட்டி ஒட்டி முடித்ததும் படத்தை யாருக்கும் காட்டவேண்டாம். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, சத்தத்தை மட்டும் வீட்டில் பாட்டிக்குப் போட்டுக் காட்டுங்கள். பக்கத்து நிரையில் உளி இழுக்கும் இடம் வந்ததும் பாட்டி, "யார்டா அது?" என்று கேட்டால் இரண்டாம் காட்சியை எழுத உட்காரலாம். கேட்காவிட்டால், அந்தப் பத்து விநாடிக் கறுப்பை இன்னும் ஐந்து விநாடி நீட்டிப் பாருங்கள்.