ஒரு சவரனுக்கு இரண்டரை டன் கல்
(தங்கம் குடும்பத்துக்கு வரவா? செலவா? – ‘செலவே!’ அணியின் பேச்சு)



எதிரணி அம்மா அழகாப் பேசினாங்க. ஆபத்துக்கு அடகு வைக்க ஒரு வளையல் வேணும்னாங்க. ஒப்புக்கறேன். எங்க வீட்லயும் ஒரு சங்கிலி எங்களைவிட அதிகமா பேங்குக்குப் போய் வந்திருக்கு. (சிரிப்பு) ஆனா அம்மா, நீங்க பார்த்தது கடை பில்லு. அதுல செய்கூலி இருக்கும், சேதாரம் இருக்கும். இன்னொரு சேதாரம் இருக்கு, அது எந்தப் பில்லுலயும் வராது.

எங்க தெருவில், மேற்குத் தாம்பரத்தில், ஒரு தாத்தா இருக்கார். கோலார் தங்கவயல்காரர். அங்கே சுரங்கத்துக்குப் போனவங்கள்ல பெரும்பாலோர் வடார்க்காடு, சேலம், தருமபுரி பக்கத்திலிருந்து குடும்பத்தோட போன நம்ம தமிழ் ஜனங்க. 1880-ல் வெள்ளைக்காரக் கம்பெனி வந்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் போச்சு. மூணு கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்குள்ள இறங்கினாங்க. 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம். 2001-ல் கதவைச் சாத்திட்டாங்க.

கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லை உடைச்சா மூணு கிராம்கூடத் தேறலை. கணக்குப் போடுங்க. ஒரு சவரன் எட்டு கிராம். அப்போ ஒரு சவரனுக்கு இரண்டரை டன்னுக்கு மேல் கல்! நீங்க ரெண்டு சவரன்ல ஒரு தோடு போட்டா, வாசல்ல ஒரு லாரிக் கல்லு நிக்குதுன்னு அர்த்தம். (கைதட்டல்)

அந்தக் கல்லு எங்கே போச்சு? கல்லை மாவா அரைச்சு, சயனைடு கரைசல்ல ஊறவச்சு, தங்கத்தை மட்டும் இறக்கிக்கிட்டு, மிச்ச மாவை வெளியே கொட்டினாங்க. மூணு கோடி டன்னுக்கு மேலே! இன்னிக்கும் ஊருக்கு நடுவுல மலை மலையா நிக்குது. சயனைடு மலைன்னுதான் பேரு. சயனைடுகூட வெயில்லயும் காத்துலயும் கொஞ்சங் கொஞ்சமா சிதைஞ்சு போயிடும். ஆனா கல்லோட கல்லா கிடந்த ஈயம், செம்பு, ஆர்செனிக்? அதெல்லாம் தனிமம், ஐயா. அழியாது. மழையில கரையும், காத்துல பறக்கும். “காத்து மாசம் வந்தா சோத்துப் பானையை மூடிட்டுத்தான் ஜன்னலைத் திறப்போம்”னு தாத்தா சொல்வார்.

“அது கோலார்ல. நமக்கென்ன?”ன்னு எதிரணியில ஒரு தம்பி முணுமுணுக்கிறார். தம்பி, நீங்க எந்த ஊர்? குரோம்பேட்டையா! (சிரிப்பு) உங்க ஊர் பேரே ஒரு உலோகம், தம்பி! அந்தக் காலத்துல ஆவாரம்பட்டையில வாரக்கணக்கா ஊறவச்ச தோலை, குரோமிய உப்புல சீக்கிரமா பதப்படுத்தக் கத்துக்கிட்டோம். குரோம் லெதர் தொழிற்சாலை வந்தது, ஊருக்குப் பேரும் வந்தது. நாகல்கேணிப் பக்கம் நிலத்தடி நீர்ல குரோமியம் இருக்குன்னு ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொல்லியிருக்காங்க. எங்க அத்தை வீட்டுக் கிணறு அந்தப் பக்கம்தான். அந்தத் தண்ணியை மாட்டுக்குக்கூட வைக்க மாட்டாங்க. 1996-ல் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே செலவைக் கொடுக்கணும்னு சொல்லிச்சு. செலவு! நடுவர் ஐயா, உச்ச நீதிமன்றமே எங்க அணி! (பலத்த கைதட்டல்)

சரி, வழி இல்லையான்னு கேட்கலாம். இருக்கு. காலுக்கடியில இருக்கு. களிமண்!

பெண்டோனைட்டுன்னு ஒரு களிமண், குஜராத்துலயும் ராஜஸ்தான்லயும் வெட்டறாங்க. நம்ம கரிசல் மண்ணும் அதுக்குச் சொந்தக்காரன்தான். மழையில உப்பும், வெயில்ல வெடிக்கும். அப்பளக் கட்டு மாதிரி ஏடு ஏடா அடுக்கியிருக்கும். அத்தனை ஏட்டையும் பிரிச்சு விரிச்சா, ஒரு கிராம் மண்ணுல எழுநூறு சதுர மீட்டருக்கு மேல பரப்பு. அதாவது மூணு கிரவுண்டு! வண்டலூர்ல பிளாட் போடறவங்க காதுல விழுந்துடாம பார்த்துக்குங்க. (சிரிப்பு) அந்த ஏடுகள்ல எதிர் மின்சாரம். ஈயம், செம்பு, காட்மியம் தண்ணியில நேர் மின்சாரத்தோட வரும். மண்ணு தன்கிட்ட இருக்கிற சோடியத்தை விட்டுட்டு இதைப் பிடிச்சுக்கும். பண்டமாற்று!

ஆனா களிமண்ணும் ஆள் பார்த்துத்தான் பிடிக்கும். குரோமியத்துல ரெண்டு குணம் உண்டு. தோலுக்குப் போடற சாதுவான குரோமியத்தைப் பிடிச்சுக்கும். அதுவே விஷ ரூபம் எடுத்து வந்தா, மண்ணுக்கும் அதுக்கும் ஒரே ஜாதி மின்சாரம், தள்ளி விட்டுடும். ஆர்செனிக்கும் பெரும்பாலும் அந்தக் கட்சிதான். அதுக்கு இரும்பு சேர்த்த மண்ணு வேணும். இன்னொண்ணு, களிமண் பிடிச்சு வச்சுக்குமே தவிர அழிக்காது. புளிச்ச தண்ணி, அமிலத் தண்ணி பட்டா, பிடிச்சதை விட்டுடும். நிரம்பின மண்ணை வேற இடத்துல பத்திரமா புதைக்கணும். மூணு கோடி டன்னுக்கு எத்தனை லாரி மண்ணு? அந்தச் செலவு யார் கணக்கு?

மணி அடிச்சுட்டீங்க. தாத்தா கதையை மட்டும் முடிச்சுடறேன், ஐயா.

போன வருஷம் பேத்தி கல்யாணத்துக்கு ரெண்டு சவரன் வாங்கக் கூடவே போனேன். கடைப் பையன், “தாத்தா, தங்கம் பார்த்து வாங்கிப் பழக்கம் உண்டா?”ன்னான். முப்பது வருஷம் சுரங்கத்துல இருந்தவர் சங்கிலியைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கல்லாத்தாம்பா பார்த்திருக்கேன்”னார்.