நீர் ஸ்கூட்டரும் பெட்ரோல் தடையும்



தரையில் ஓடும் வண்டி நின்றுவிட்டால் இறங்கித் தள்ளலாம். கடலில் ஓடும் வண்டி நின்றால் இறங்குவதற்கு இடமேது? ஜெட் ஸ்கீ என்றும் நீர் ஸ்கூட்டர் என்றும் நாம் வழங்கும் சிறு வண்டியைப் பற்றியே இன்று பேசப் புகுகின்றேன். கோவாவின் கடற்கரைகளிலும் அந்தமான் தீவுகளிலும் இவ்வண்டிகள் வாடகைக்கு ஓடுகின்றன. பிழைப்பை நாடிச் சென்ற நம்மவருள் எவரேனும் பழைய வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி வைத்திருப்பின், இப்பேச்சு அவருக்குப் பயன்படக்கூடும்.

இவ்வண்டிக்குச் சுக்கான் கிடையாது. எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிப் பின்புறமாகப் பீய்ச்சுகிறது. அப்பீச்சு வெளிவரும் வாயைத் திருப்பியே வண்டியைத் திருப்புகிறோம். ஆகவே எஞ்சின் ஓய்ந்தால் வேகம் மட்டுமன்று, திருப்பும் ஆற்றலும் உடன் போய்விடுகிறது. எதிரே ஒரு படகு வரும் வேளையில் பெட்ரோல் தடைப்பட்டால் விளைவு யாதாகும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

1990-களில் வந்த வண்டிகளுள் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இரு வீச்சு எஞ்சினும் கார்புரேட்டரும் கொண்டவை. இவற்றில் பெட்ரோல் குறைந்தால் கலவையில் காற்று மிகுந்து சூடு ஏறும். எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் வண்டியாயின், பெட்ரோல் குறையும்போது உயவெண்ணெயும் குறைகின்றது. முடிவில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாய்க் குழாயைக் கவனியாதவர் எஞ்சினையே இழப்பது இவ்வாறுதான்.

நோயை அறிவது எங்ஙனம்? எஞ்சின் எளிதில் கிளம்பும், மெதுவாக ஓடும், வேகம் கொடுத்தால் மட்டும் திணறும். அப்போது சோக்கைச் சிறிதளவு இழுத்துப் பாருங்கள். எஞ்சின் தெளிந்து ஓடுமாயின் பெட்ரோல் பற்றவில்லை என்றே பொருள். ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்திருப்பதும் அதற்கு ஓர் அடையாளம். இந்நிலையில் வண்டியை விரட்டலாகாது; உடனே கரைக்குத் திருப்புதல் வேண்டும்.

பலர் செய்யும் பிழை, நேரே கார்புரேட்டரின் திருகாணிகளில் கை வைப்பது. அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. தொட்டியில் தொடங்கிப் பெட்ரோல் செல்லும் வழியே ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்வதே முறை.

அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. வண்டியின் அடிவயிற்றில் தங்கி நிற்கும். இருக்கையைக் கழற்றி நன்கு காற்றோட விடுங்கள். பாட்டரியின் இணைப்பை அகற்றுங்கள். அருகில் பீடி, சிகரெட்டு கூடவே கூடாது.

முதலாவது, தொட்டியின் காற்றுவழி. பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிடில் ஓட்டம் நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் எஞ்சின் சீர்பட்டால் குற்றம் அங்கேதான். இரண்டாவது, பெட்ரோலைத் திறந்து மூடும் வால்வு. சாதாரண நிலையில் திணறும் எஞ்சின் ரிசர்வ் நிலையில் நன்றாக ஓடினால், வால்விலோ அதற்குச் செல்லும் குழாயிலோ அடைப்பு இருக்கலாம்.

மூன்றாவது, ரப்பர்க் குழாய்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தொட்டிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. அதில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது. காற்றே உள்ளே புகும். கசிவு காணவில்லை என்பதால் குழாய் நலமென்று எண்ணிவிட வேண்டா. அன்றியும், அக்காலத்துச் சில வண்டிகளின் சாம்பல் நிறக் குழாய்கள் உட்புறம் கரைந்து பச்சை நிறப் பிசினாகின்றன. அத்தகைய குழாய்களை ஒன்று விடாமல் மாற்றுவதே நன்று. பெட்ரோலுக்கென்றே செய்த, அதே அளவுள்ள குழாயும் புதிய கிளாம்பும் போடுங்கள்.

இன்று நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பருக்குப் பகை. காற்றின் ஈரத்தையும் இழுக்கும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எஞ்சின் உறிஞ்சுவதோ அந்த அடியிலிருந்துதான்! ஆதலால் நீர் பிரிக்கும் வடிகட்டியை அடிக்கடி பாருங்கள். நெடுநாள் நின்ற பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

இறுதியாகக் கார்புரேட்டர். பல வண்டிகளில் அதன் உள்ளேயே மிகச் சிறிய சல்லடை ஒன்று உண்டு. மேற்சொன்ன பிசின் வந்து அடைவது அங்கேதான். பெட்ரோலை இழுக்கும் பம்பும் அதனுடனே அமைந்திருக்கும். கிராங்க் கேஸின் அழுத்தம் ஏறி இறங்கும் துடிப்பினால் ஒரு மெல்லிய சவ்வு அசைந்து பெட்ரோலை இழுக்கிறது. அச்சவ்வு விறைத்துப் போனாலும், துடிப்பைக் கொண்டுவரும் சிறு குழாய் வெடித்தாலும் பெட்ரோல் வராது. சல்லடையைத் துடைத்து, சவ்வையும் நீடில் வால்வையும் புதிதாக மாற்றுங்கள். இரண்டு கார்புரேட்டர் இருப்பின் இரண்டிற்கும் செய்தல் வேண்டும். வழி முழுதும் தூய்மையான பின்னரே திருகாணியைத் தொடலாம்.

கரையில் சோதிக்கும்போது தண்ணீரின்றிச் சில நொடிகளுக்கு மேல் ஓட்டலாகாது. குளிர்விக்கும் குழாயை இணைத்து, எஞ்சினைக் கிளப்பிய பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும். தண்ணீரை மூடிய பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். முறை மாறினால் நீர் சிலிண்டருக்குள் ஏறிவிடக்கூடும்.

இவையனைத்தும் முடிந்த பின், முதல் ஓட்டத்தைக் கரையோரமாக, உயிர்காப்பு அங்கி அணிந்து, நீங்களே ஓட்டிப் பாருங்கள். நீங்கள் நம்பி ஏற முடியாத வண்டியில், நம்மை நம்பி வரும் ஒருவரை ஏற்றுவது தகுமா? ஒரு நாள் வாடகை போனால் மறுநாள் ஈட்டிக்கொள்ளலாம். ஓர் உயிர் போனால் எதைக் கொண்டு ஈட்டுவோம்?