கத்தரீனாவைச் சுமந்தவர்கள்: ஒரு பெயரின் ஐரோப்பியப் பயணம்



கேத்தரின் என்ற பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால், குழந்தைகளுக்குப் பெயர் சூட்ட உதவும் ஐரோப்பியக் கையேடுகள் பெரும்பாலும் ‘தூயவள்’ என்றே விடை சொல்லும். கிரேக்கத்தில் ‘கத்தரோஸ்’ என்றால் தூய்மையானது. அதிலிருந்து பெயர் பிறந்தது. அழகான பொருள் என்பதால் கண்டம் முழுவதும் பரவியது. இப்படி ஒரு கதை நம் கையில் தரப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதை தலைகீழாக நிற்பது தெரியும். பெயர் முதலில் வந்தது. பொருளைப் பிறகுதான் அதற்குள் ஏற்றினார்கள். மாஸ்கோவின் எகத்தெரினாவையும் புடாபெஸ்டின் கத்தாலினையும் கோபன்ஹேகனின் காரெனையும் ஒரே குடும்பமாக்கியவர்கள் அந்தப் பெயரைச் சுமந்த பெண்கள்: முதலில் ஒரு புனிதை, பிறகு அரசிகள், பிறகு பாட்டிகள். இதை நிறுவுவதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் வேர்ச்சொல். கிரேக்கத்தில் இப்பெயரின் பழைய வடிவம் ‘ஐகத்தெரினே’. அதன் முதலில் நிற்கும் ‘ஐ’ கத்தரோஸ் என்ற சொல்லில் இல்லை. நடுவிலோ கத்தரோஸ் சொல்லுக்குரிய மூச்சொலி எழுத்தான ‘தீட்டா’ இல்லை. சாதாரண ‘தௌ’ இருக்கிறது. அதாவது, பெயர் தூய்மையிலிருந்து பிறந்தது என்று கொள்ள வேண்டுமானால், தலையில் ஓர் எழுத்தை வெட்டி நடுவில் இன்னோர் எழுத்தை மாற்ற வேண்டும். ‘இருவரில் ஒவ்வொருவர்’ என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லோடு சிலர் இதை இணைக்கிறார்கள். எக்கத்தே என்ற பழந்தெய்வத்தின் பெயரோடு இணைப்பவர்களும் உண்டு. எந்தக் கருத்தும் முடிந்த முடிபாக ஏற்கப்படவில்லை. லத்தீன் உலகம் தலையெழுத்தை இழந்த ‘கத்தெரினா’ வடிவத்தைப் பெற்ற பிறகுதான் கற்றவர்களுக்குக் கத்தரோஸ் நினைவுக்கு வந்தது. அதற்கேற்ப எழுத்தைத் திருத்தினார்கள், ‘கத்தரீனா’ ஆனது. கேம்பிரிட்ஜில் 1473இல் நிறுவப்பட்ட கல்லூரி இப்பெயரை நடுவில் ‘ஏ’ என்ற எழுத்தோடும், ஆக்ஸ்ஃபோர்டின் கல்லூரி ‘இ’ என்ற எழுத்தோடும் இன்றும் எழுதுகின்றன. அந்த ஓர் எழுத்து வேறுபாட்டுக்குப் பின்னால் இருப்பது இந்தப் பழைய திருத்தம்தான்.

இடைக்கால மக்களாவது தூய்மை என்ற பொருளை நம்பித்தான் பெயர் வைத்தார்கள் என்று சொல்ல முடியுமா? அதற்கும் இடமில்லை. 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபுஸ் தே வொராஜினே என்ற இத்தாலியத் துறவி தொகுத்த ‘பொற்கதை’ என்னும் புனிதர் வரலாற்று நூல் அக்காலத்தில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டது. ஒவ்வொரு புனிதரின் பெயருக்கும் பொருள் சொல்லித் தொடங்குவது அவர் வழக்கம். கத்தரீனாவுக்கு அவர் தந்த விளக்கம் வேறு: ‘கத்தா’ என்றால் முழுமை, ‘ருயினா’ என்றால் அழிவு, சாத்தான் எழுப்பிய கட்டடம் அவளிடம் முழுதாக இடிந்து விழுந்தது என்பதால் அப்பெயர். இன்னொரு வழியாக, சிறு சங்கிலி என்று பொருள்படும் லத்தீன் சொல்லையும் இழுத்து வந்து, நற்செயல்களால் விண்ணேறிய சங்கிலி என்றார். சொல்லாராய்ச்சியாக இதை எடுத்துக்கொண்டால் சிரிப்புதான் வரும். ஆனால் அதன் போக்கைக் கவனிக்க வேண்டும். புனிதையின் வாழ்க்கை முன்னே நிற்கிறது. அதற்குப் பொருந்தும்படி பெயரின் பொருள் பின்னே செய்யப்படுகிறது. ‘தூயவள்’ என்ற விளக்கமும் இப்படித்தான் கன்னிப் புனிதையின் வாழ்க்கைக்குத் தைக்கப்பட்ட சட்டை.

அந்தப் புனிதை யார்? அலெக்சாந்திரியாவின் உயர்குடிப் பெண். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசன் முன்னிலையில் ஐம்பது தத்துவ அறிஞர்களை வாதில் வென்றவள். முள் பதித்த சக்கரத்தில் அவளைக் கட்டிக் கொல்ல முயன்றபோது சக்கரம் உடைந்து சிதறியது. பிறகு தலை துண்டிக்கப்பட்டது. வானவர்கள் உடலைச் சீனாய் மலைக்குத் தூக்கிச் சென்றார்கள். இதுவே மரபுக் கதை. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துச் சான்று ஒன்றுகூட இல்லை. அவரைப் பற்றிய குறிப்புகள் பல நூற்றாண்டுகள் கழித்தே தோன்றுகின்றன. சீனாய் மலையடிவார மடத்தை 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்தினியன் கட்டியபோது அதற்குக் கத்தரீனாவின் பெயர் இல்லை. அது பின்னர் வந்து சேர்ந்தது. அப்படி ஒருவர் வாழவே இல்லை என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் பலர். ஆனாலும் 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ரூவான் நகர மடத்துக்கு அவருடையவை எனச் சொல்லப்பட்ட எலும்புத் துண்டுகள் வந்து சேர்ந்ததும், சிலுவைப் போர் வீரர்கள் கிழக்கிலிருந்து கதைகளோடு திரும்பியதும் மேற்கு ஐரோப்பாவில் பெயரின் வெள்ளத்தைத் திறந்துவிட்டன. அறிஞர்களும், வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர்களும், மாவு அரைப்பவர்களும், மணமாகாத பெண்களும் அவரைத் தம் காவலராகக் கொண்டார்கள். சுழன்று எரியும் வாணத்துக்கு, அதுதான் நம் ஊர்த் தரைச் சக்கரத்தின் உறவு, ஆங்கிலத்தில் கேத்தரின் சக்கரம் என்றே பெயர்.

நம் கரைக்கும் இந்தப் புனிதை வந்தார், நாள்காட்டியின் வழியாக. 1510 நவம்பர் 25 அன்று போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க்கே கோவாவைக் கைப்பற்றினார். அது புனித கத்தரீனாவின் திருநாள். பழைய கோவாவின் பெரிய ஆலயமான சே பேராலயம் அதனால் அவருக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டது. கலிஃபோர்னியக் கரைக்கு அப்பால் உள்ள சாந்தா கத்தாலினா தீவுக்கு 1602இல் ஸ்பானிய மாலுமி செபாஸ்தியான் விஸ்கைனோ பெயர் வைத்ததும் அதே திருநாளை ஒட்டித்தான். அந்த வெற்றியிலும் இந்தத் தீவிலும் தூய்மை எதுவும் இல்லை; தேதி இருந்தது.

இனி வடிவங்களுக்கு வருவோம். பெயர் எந்த வழியே போனது என்பதை அதன் உடலே காட்டிக்கொடுக்கிறது. கிரேக்கத் திருச்சபையிடமிருந்து நேராகப் பெற்றவர்கள் தலையெழுத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்: ரஷ்யாவிலும் பல்கேரியாவிலும் எகத்தெரினா, ஜார்ஜியாவில் எகத்தெரினே. லத்தீன் வழிபாட்டு உலகம் வழியாகப் பெற்றவர்களிடம் அது இல்லை: இத்தாலியில் கத்தெரினா, போர்ச்சுகலில் கத்தரீனா, போலந்தில் கத்தாஜினா, செக் நாட்டில் கத்தெர்ஷினா, லித்துவேனியாவில் கோத்ரினா. இரண்டு திருச்சபைகளின் எல்லை ஐரோப்பிய வரைபடத்தில் எங்கே ஓடுகிறது என்பதைப் பெண் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை வைத்தே ஏறக்குறைய வரைந்துவிடலாம். ருமேனியாவில் எகத்தெரினாவும் உண்டு, கத்தலினாவும் உண்டு. அடுத்து, சில இடங்களில் ரகரம் லகரமாகப் புரண்டது. ஸ்பெயினில் கத்தாலினா, ஹங்கேரியில் கத்தாலின், நார்மானியப் பிரெஞ்சில் கத்தெலின். இந்த நார்மானிய வடிவம் கடல் கடந்து அயர்லாந்துக்குப் போய் ‘கட்லீன்’ என ஒலிக்கும் ஐரியப் பெயராயிற்று. கத்ரீயனா என்ற இன்னொரு வடிவமும் அங்கே உண்டு. வடக்கே போகப் போகப் பெயர் தேய்ந்தது: டென்மார்க்கில் காரென், ஸ்வீடனில் காரின், நார்வேயில் காரி, எஸ்தோனியாவில் கத்ரி. டச்சுக்காரர்கள் தலையையே விட்டுவிட்டு வாலை மட்டும் பிடித்து ட்ரெய்ன்ட்யே என்றார்கள். இந்த ஊர்வழக்குகளில் கத்தரோஸ் எங்கே இருக்கிறது? கத்ரியிலும் காரியிலும் தூய்மையின் ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை. பொருளே பெயரின் உயிராக இருந்திருந்தால், அதைக் காக்க யாராவது முயன்றிருக்க மாட்டார்களா? கற்றவர்கள் ஏட்டில் முயன்றார்கள். மக்கள் வாயில் அது ஒட்டவே இல்லை.

இங்கிலாந்து இதற்கு நல்ல சாட்சி. கேத்தரின் என்பதன் நடுவில் ‘டி’யோடு ‘எச்’ சேர்த்து எழுதும் வழக்கம் கற்றோர் திருத்தத்தின் எச்சம். ஆனால் பழைய ஆங்கிலேயர் அதை வெறும் ‘ட்’ ஒலியோடுதான் சொன்னார்கள். எட்டாம் ஹென்றியின் கடைசி மனைவி கேத்தரின் பார் தம் கையொப்பத்தில் ‘எச்’ போடவில்லை. பிற்காலத்தில் எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் அதற்குப் புதிய ஒலியைக் கொடுத்தார்கள். அந்த ஒலியே நிலைத்தது. வீட்டில் கொஞ்சிக் கூப்பிடும் பெயர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கேட், கிட், கிட்டி ஆகியவற்றில் பழைய ‘ட்’ அப்படியே இருக்கிறது. வேர்ச்சொல் வரலாற்றை ஏடுகளைவிடச் செல்லப்பெயர்கள் உண்மையாகக் காத்திருக்கின்றன.

புனிதை வழியே பரவிய பெயரை அரசிகள் இரண்டாம் முறை நடத்திச் சென்றார்கள். லங்காஸ்டர் கோமகனின் மகள் கேத்தரின் இங்கிலாந்திலிருந்து ஸ்பெயினின் காஸ்தில் நாட்டுக்கு 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருமகளாகப் போனார். அங்கே அவர் கத்தாலினா. அவருடைய கொள்ளுப்பேத்தி 1485இல் பிறந்தபோது அந்தப் பெயரே சூட்டப்பட்டது. அந்தக் கத்தாலினா 1501இல் இங்கிலாந்துக்கு மருமகளாக வந்து மீண்டும் கேத்தரின் ஆனார். எட்டாம் ஹென்றி மணவிலக்குக் கோரிய அந்த அரகோன் கேத்தரின்தான் அவர். ஒரே குடும்பத்தில், நான்கு தலைமுறைக்குள், பெயர் கடல் தாண்டிப் போய் லகரம் பெற்று, திரும்பி வந்து ரகரம் பெற்றது. 1662இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸை மணக்க லிஸ்பனிலிருந்து வந்த பிரகான்சா கத்தரீனா பம்பாயைச் சீதனமாகக் கொண்டுவந்தார் என்பது நம் வரலாற்றுப் பாடப் புத்தகங்களிலேயே இருக்கிறது.

இதைவிட வலுவான சான்று ரஷ்யாவில் கிடைக்கிறது. அங்கே ஆட்சி செய்த இரண்டு எகத்தெரினாக்களில் ஒருவர்கூட அப்பெயரோடு பிறக்கவில்லை. முதலாமவர் பால்டிக் பகுதியின் எளிய குடும்பத்துப் பெண், பெயர் மார்த்தா. மகா பீட்டரோடு சேர்ந்த பின் ரஷ்யத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்று எகத்தெரினா அலெக்ஸேயெவ்னா ஆனார். இரண்டாமவர், உலகம் ‘மகா கேத்தரின்’ என்று அறிந்தவர், ஜெர்மானியச் சிற்றரசர் ஒருவரின் மகள், இயற்பெயர் சோஃபி. 1744இல் அவர் மதம் மாறியபோது ஆட்சியிலிருந்த பேரரசி எலிசவேத்தா தம் தாயின் பெயரையே அவருக்குச் சூட்டினார். தந்தை பெயரையொட்டி வரும் பின்பெயர்கூட அதே அலெக்ஸேயெவ்னாதான். சோஃபியின் தந்தை பெயரோ கிறிஸ்தியான் அவுகுஸ்ட்! பொருளைப் பார்த்துத் தேர்ந்த பெயராக இருந்தால் பொய்யான தந்தைப் பெயரும் கூடவே வந்திருக்காது. ஒரு முழு மனுஷியின் பெயரை எடுத்து இன்னொரு பெண்ணின் மேல் போர்த்தினார்கள். தாலின் நகரில் 1718இல் பீட்டர் தம் மனைவிக்காகக் கட்டத் தொடங்கிய மாளிகைக்கு எஸ்தோனியர்கள் இட்ட பெயர் கத்ரியோர்க், அதாவது கத்ரியின் பள்ளத்தாக்கு. மார்த்தாவாகப் பிறந்து எகத்தெரினாவாக முடிசூடியவர் ஊரார் நாவில் கத்ரியாக நிலைத்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவை அரண்மனைச் செய்திகள். குடியானவர்கள் அரசிகளைப் பார்த்தா பெயர் வைத்தார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் குடியானவர்கள் பொருளைப் பார்த்தும் வைக்கவில்லை. அவர்களிடம் திருநாள் இருந்தது. எஸ்தோனியக் கிராமங்களில் நவம்பர் 25 அன்று மாறுவேடம் பூண்டு வீடு வீடாகப் பாடிச் செல்லும் வழக்கம் லுத்தரன் சபை வந்த பின்னும் தொடர்ந்தது. பிரான்சில் 25 வயதாகியும் மணமாகாத பெண்கள் அந்நாளில் பச்சையும் மஞ்சளுமான தொப்பி அணிந்தார்கள். பாரிஸின் தையற்கூடங்களில் அது பெரிய கொண்டாட்டமாயிற்று. சீர்திருத்தச் சபைகள் புனிதர் வழிபாட்டை ஒதுக்கியபோது பெயர் மறைந்திருக்க வேண்டும், மறையவில்லை. சீர்திருத்தத்தின் முன்னோடி மார்ட்டின் லூதர் 1525இல் மணந்த முன்னாள் கன்னியாஸ்திரியின் பெயரே கத்தரீனா. அதற்குள் பெயர் பாட்டிகளின் சொத்தாகிவிட்டிருந்தது. பேத்திக்குக் கொடுக்கத் திருச்சபையின் அனுமதி தேவைப்படவில்லை. ரோம் 1969இல் அலெக்சாந்திரியப் புனிதையைப் பொது நாள்காட்டியிலிருந்து எடுத்தது, 2002இல் திரும்பச் சேர்த்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பெயர் வைப்பதைக் கத்தோலிக்கர்கள் நிறுத்திவிடவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. காரெனும் எகத்தெரினாவும் ஒரே பெயர் என்று சொல்வது மொழிநூலாரின் கற்பனை அல்லவா? டென்மார்க்கில் காரென், கத்ரீனே என அக்காளுக்கும் தங்கைக்கும் பெயர் வைத்தால் யாரும் வியப்பதில்லை. ஸ்வீடன் நாள்காட்டியில் காரினுக்கு ஆகஸ்டில் ஒரு பெயர்நாள், கத்தரீனாவுக்கு நவம்பரில் இன்னொன்று. உண்மை. பேசுகிறவர்களுக்கு இவை தனித்தனிப் பெயர்கள்தான். நான் சொல்லும் ஒருமை வரலாற்றில் உள்ளது. உணர்வில் உள்ளதாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிரிவே என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. பொதுப்பொருள் ஒன்று அவற்றை இழுத்துக் கட்டியிருந்தால் அவை பிரிந்திருக்கா. அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மிகுந்த செல்வாக்கோடிருந்த காரென், அண்மைக் காலத்தில் இணையக் கேலிக்கு ஆளாகி, அதிகாரம் காட்டிச் சண்டையிடும் நடுவயதுப் பெண்ணைக் குறிக்கும் வசைச்சொல் ஆகிவிட்டது. அந்த வசையால் கேத்தரினுக்கு ஒரு கீறலும் விழவில்லை.

ஒரே ஒரு இடத்தில் என் வாதத்துக்கு எல்லை வைக்க வேண்டியிருக்கிறது. ஐரிய மொழியின் ‘கட்லீன்’ காதால் கேட்டு ஆங்கிலத்துக்குப் போனபோது கேத்லீன் ஆனது. அது அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர்களின் பெயர், அவர்களுடைய பாட்டிகளின் பெயர். அதே ஐரியச் சொல்லின் எழுத்துகளை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கர்கள் கண்ணால் பார்த்து ஆங்கில முறையில் படித்தார்கள். கெய்ட்லின் என்ற புதிய பெயர் பிறந்தது. அதை விதவிதமான எழுத்துக்கூட்டலில் எழுதித் தம் பெண்களுக்குச் சூட்டிய பெற்றோர் பலருக்கு மனத்தில் புனிதையும் இல்லை, அரசியும் இல்லை, பாட்டியும் இல்லை. ஒலி பிடித்திருந்தது, வைத்தார்கள். கெய்ட்லினுக்குப் பிந்திய தலைமுறையை ஆராய்பவர்களுக்கு வேறு கருவிகள் வேண்டும்.