காவல் காமிராவும் மெமரி கார்டும்

2013 பிப்ரவரியில் ஐதராபாத் தில்சுக்நகரில் குண்டுகள் வெடித்தன. அவ்வாண்டே பிறந்த பொதுப் பாதுகாப்புச் சட்டம், 100 பேர் கூடும் நிறுவனங்கள் காமிரா பொருத்தி, 30 நாட் பதிவைக் காத்திடல் வேண்டும் என விதித்தது.

இல்லங்களிலோ நகத்தளவு மெமரி கார்டே பதிவேடு. நொடிக்கு 2 மெகாபிட் எழுதும் காமிரா நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 ஜிகாபைட்டை நிரப்பும். 64 ஜிகாபைட் கார்டு மூன்றே நாளில் நிறைந்து, பழையதை அழித்து எழுதத் தலைப்படும். அதன் நுண்ணறைகள் இவ்வழித்தெழுதலைச் சில ஆயிரம் முறைக்குமேல் தாங்கா. மே மாத வெயிலும் அவற்றை நலிவிக்கும். இதிற் கொடுமை யாதெனில், கார்டு செத்த பின்னரும் கைப்பேசியில் நேரடிக் காட்சி தெரிந்துகொண்டேயிருக்கும்! பொங்கலுக்கு ஊர் செல்லும் செகந்திராபாத் தமிழன்பர்கள், இடைவிடாப் பதிவுக்கென்றே செய்யப்பெற்ற கார்டை வாங்குக. பூட்டுமுன் நேற்றைய பதிவை ஒருமுறை ஓட்டிப் பார்த்திடுக.