முடியும், முடியாது: இயற்பியலுக்கு ஒரு புது அடித்தளம்

எறிந்த பந்து எங்கே விழும்? பந்தின் இப்போதைய நிலையும் இயக்க விதியும் தெரிந்தால் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். நியூட்டன் காலம் முதல் இயற்பியல் நடந்துவரும் வழி இது. ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் டேவிட் டாய்ச் 2012-இல் எழுதிய கட்டுரையில் வேறு வழியைக் காட்டினார். எந்த மாற்றங்கள் முடியும், எவை முடியவே முடியாது, ஏன் என்பவையே அடிப்படை விதிகள் என்றார். இதன் பெயர் கன்ஸ்ட்ரக்டர் கோட்பாடு.

சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கும். எச்சிலில் உள்ள அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. ஆனால் தான் தீர்ந்துபோவதில்லை, அடுத்த பருக்கைக்கும் தயாராக நிற்கிறது. இப்படி மாற்றத்தைச் செய்து முடித்தபின்னும், அதை மறுபடி செய்யும் திறனை இழக்காததுதான் கன்ஸ்ட்ரக்டர். குறையே இல்லாத கன்ஸ்ட்ரக்டர் உலகில் கிடையாது. குறையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொண்டே போக இயற்கை விதி தடை போடாவிட்டால், அந்த மாற்றம் முடியும் என்று பொருள்.

இந்தச் சிந்தனைக்குப் பழைய வேர் உண்டு. 1840-களில் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல், தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரம் ஒன்றை வைத்தார். வெளியே எடைக்கல் இறங்க இறங்கச் சக்கரம் சுழன்றது; தண்ணீர் சற்றே சூடேறியது. வேறெதுவும் மாறாமல், அந்தத் தண்ணீர் தானே குளிர்ந்து கல்லை மேலே ஏற்ற முடியாது. மூலக்கூறுகளின் இயக்க விதிகளோ முன்னும் பின்னும் ஒன்றுபோலவே பொருந்துபவை. அவற்றில் தெரியாத இந்த ஒருவழிப் போக்கை, ‘முடியாது’ என்ற சொல் நேராகச் சொல்லிவிடுகிறது.

தகவலுக்கும் இதே அளவுகோல்தான். வானொலி உரை காகிதத்தில் எழுத்தாக இருந்து, குரலாகி, மின்சாரமாகி, அலையாகி, மீண்டும் ஒலியாகிறது. பொருள் மாறினாலும் செய்தி மாறுவதில்லை. பிரதி எடுக்க முடிவதே தகவலின் அடையாளம் என்று டாய்ச்சும் இயற்பியலாளர் கியாரா மார்லெட்டோவும் 2015-இல் வெளியான கட்டுரையில் வரையறுத்தனர். முன்பின் தெரியாத குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்க முடியாது என்பது 1982-இலேயே நிறுவப்பட்டது. குவாண்டம் தகவலின் தனித்தன்மையும் ஒரு ‘முடியாது’தான்.

2017-இல் மார்லெட்டோவும் விளாட்கோ வெட்ரலும் ஒரு சோதனையை முன்மொழிந்தனர். சௌகதோ போஸ் குழுவினரும் தனியாக அதையே முன்வைத்தனர். இரண்டு நுண்பொருள்களை ஈர்ப்புவிசை மட்டுமே குவாண்டம் முறையில் பிணைத்துவிட்டால், ஈர்ப்பும் பழைய இயற்பியலுக்குள் அடங்காதது என்று ஆகும். ஈர்ப்பின் முழு இயக்க விதி தெரியாமலே, எது முடியும் என்பதைக் கொண்டே இந்த முடிவுக்கு வரலாம்.