டிரெய்லர் மேல் ஒரு மேடை



1978இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கிரீன்வில் நகரத்தை ஒட்டிய ஃப்ரீடம் வில்லேஜ் என்ற சிற்றூரில் ஒரு ப்ளூஸ் விழா நடந்தது. மேடை எதுவும் கட்டவில்லை. டிரெய்லர் வண்டியின் தட்டுதான் மேடை. இன்று பெரிதாகப் பேசப்படும் டெல்டா ப்ளூஸ் விழாவின் தொடக்கம் அதுதான்.

அந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் யார்? இசைக் கம்பெனிக்காரர்கள் அல்ல. ஃபேனி லூ ஹேமர் உள்ளிட்ட கறுப்பினப் போராளிகள் 1967இல் தொடங்கிய மேஸ் என்ற அமைப்பு. ஹேமர் பருத்திப் பண்ணையில் 18 ஆண்டுகள் உழைத்தவர். 1962இல் வாக்காளராகப் பதியப் போனார். அன்றிரவே பண்ணையைவிட்டுத் துரத்தப்பட்டார். கூட்டங்களில் பாடிப் பாடியே சனங்களைத் திரட்டியவர், இந்த விழாவுக்கு முந்தைய ஆண்டு இறந்துபோனார்.

ஓட்டுக்கும் நிலத்துக்கும் போராடிய அமைப்புக்கு ப்ளூஸ் எதற்கு? கறுப்பின மக்களுக்குள்ளேயே அந்தப் பாட்டின் மேல் ஒரு கூச்சம் இருந்தது. தேவாலயத்தார் அதைச் சாத்தானின் பாட்டு என்றார்கள். படித்து மேலே வந்தவர்கள் பலருக்கு அது பண்ணையை நினைவூட்டியது. வெளியாருக்கோ அது புதையல். 1941இல் ஸ்டோவால் பண்ணையில் மடி வாட்டர்ஸைப் பதிவு செய்த ஆலன் லோமாக்ஸின் பெயர் உலகுக்குத் தெரியும். கூடவே உழைத்த கறுப்பின ஆய்வாளர் ஜான் வொர்க்கின் எழுத்து நூலாக வெளிவர 2005 ஆயிற்று. (இது நமக்குப் புதிய கதையா என்ன?)

பறையை விடுவதா, எடுப்பதா என்று நமக்குள் நடந்த சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று கீழே வைத்ததும் சுயமரியாதைதான். நம் விழாவில் நாமே எடுத்து அடித்ததும் அதேதான். மேஸ் தோழர்கள் செய்தது இந்த இரண்டாவது வேலை.

ப்ளூஸை ரெக்கார்டில் கேட்பது வேறு, நேரில் கேட்பது வேறு. பாடகர் ஓர் அடியைப் பாடுவார். அதையே மறுபடி பாடுவார். மூன்றாவது அடியில்தான் பதில் வரும். ஒவ்வோர் அடிக்கும் பின்னால் இடம் விட்டிருக்கும். அதில் கிட்டார் பேசும், கூட்டமும் குரல் கொடுக்கும். ரெக்கார்டில் கிட்டார் மட்டும்தான் இருக்கிறது. எதிரில் பருத்தி பறித்த கைகள் இருந்தால், அந்த இடம் காலியாக இருப்பதில்லை.

இந்தக் கூட்டம் முடிந்ததும் வெளியே நம் பிள்ளைகள் பறையடிக்கிறார்கள். செல்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு வட்டமாக வந்து நில்லுங்கள்.