பள்ளத்தைத் தண்ணீருக்கு விடுங்கள்



இன்று பட்டம் பெறும் செல்வங்களே, உங்களில் பலர் நாளை மனைப்பிரிவு வரையப் போகிறீர்கள். அதனால் இந்த ஊரின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். மாப்பிள்ளையூரணி. ஊரணி என்றால் ஊர் குடிக்க வெட்டிய குளம். மழைநீர் தானாக வந்து சேரும் பள்ளம் பார்த்து வெட்டுவார்கள். கடலும் உப்பளமும் சூழ்ந்த இந்தச் சீமையில் நல்ல தண்ணீர் எங்கே நிற்கும் என்று கண்டு சொன்னவர்களே உங்கள் தொழிலின் முன்னோடிகள்.

இன்று சிப்காட் தொழிற்பேட்டை வளர்கிறது. சில்லாநத்தத்தில் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலை திறந்தாயிற்று. வேலைக்கு வருகிறவர்களுக்கு வீடு வேண்டும். சரள் அடித்து, கல் ஊன்றி, கொடி கட்டிப் பிளாட் போடுகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜேசிபி வந்ததும் முதலில் தூர்ந்துபோவது பள்ளம்தான்.

2023 டிசம்பர் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. வெள்ளம் வடிந்தபின் ஒரு புதுக் குடியிருப்புக்குப் போனேன். ஒரு வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் செம்மண் கோடு. "வாங்கும்போது மேட்டு மனைன்னுதான்யா சொன்னாங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. வரைபடத்தை வாங்கி விரித்தேன். சாலை அகலம் முதல் எல்லாம் விதிப்படி இருந்தன. பூங்கா மட்டும் மேட்டில், விலை போகாத முக்கோண மூலையில். தண்ணீர் வந்து இறங்கும் பள்ளத்தில் அவர் வீட்டோடு எட்டு மனைகள்.

2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்த இடத்தைப் பள்ளத்தில் வையுங்கள். கணக்கு எளிது. ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் நாலு லட்சம் லிட்டர், முப்பதுக்கு மேற்பட்ட டேங்கர் லாரித் தண்ணீர். அதே ஏக்கரில் 10 சென்ட் இடத்தை ஒரு மீட்டர் தாழ்த்தி வைத்தால் அவ்வளவும் அதில் அடங்கும். 95 செ.மீ. மழைக்கு இது போதாதுதான். ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் தேங்கும் தண்ணீருக்குப் போதும். கோடையில் பிள்ளைகள் அதில் பந்து விளையாடட்டும்.

பள்ளத்தை விட்டால் மனை குறையுமே என்று நிலத்துக்காரர் கேட்பார். மேட்டில், சாலையோரத்தில், கீழே கடை மேலே வீடு என்று மாடி எழுப்பி ஈடு கட்டலாம் என்று சொல்லுங்கள். கலப்புப் பயன்பாடு என்று நீங்கள் பாடத்தில் படித்தது, தூத்துக்குடிப் பழைய கடைத்தெருவில் அன்றாடம் பார்ப்பதுதான்.

செல்வங்களே, உங்கள் முதல் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன், புலப்படத்தையும் லெவல் கருவியையும் எடுத்துக்கொண்டு, ஒரு மழை நாளில் அந்த நிலத்தைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள்.